அறுபதாவது அட்டை

அக்டோபர் 14, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒன்பது மாதமாக ஒரு எழுத்து எழுதாமல் அலமாரியில் கிடந்தது. கிராம சுகாதார நர்ஸ் ஒருத்தி எழுதுகிற ரிஜிஸ்டரையெல்லாம் அடுக்கி வைத்தால் அவள் உயரத்துக்கு வரும். நான் குட்டை வேறு. இதில் இன்னொன்றா என்று விட்டிருந்தேன்.

இன்று கர்ப்பிணிகள் வீடு நான்கு. கொசுப்புழு பார்க்கப் போன தெருவில் நாய் துரத்தியது. புழு இருந்தது.

சாயங்காலம் சீனி மதினி வந்தார். சீனியம்மாள், என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரருக்கு ஏழு வயதில் அம்மா போய்விட, தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கி இவரை ஆளாக்கியவர். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் கனகவேணியைப் போன வைகாசியில்தான் கட்டிக் கொடுத்தோம்.

அடுப்பங்கரையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே, "இடது பக்கம் கட்டி மாதிரி இருக்கு செண்பகம். எண்ணெய் தேச்சுப் பாத்தேன், கரையல" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். எலுமிச்சை அளவு இருக்கிறது. மேல்தோல் உள்ளே இழுத்திருக்கிறது. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.

"எப்ப இருந்து மதினி?"

"ஒரு மாசமா இருக்கும்."

ஒரு மாதத்தில் இப்படி வராது. அது எனக்குத் தெரியும். நாளைக்கே டவுனுக்குப் போவோம் என்றேன். தீபாவளி கழியட்டும், தலைதீபாவளிக்குப் பிள்ளை வருகிறாள் என்றார். சத்தம் போட்டு வியாழனுக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது.

அக்டோபர் 17, வியாழன்

டவுன் பெரிய ஆஸ்பத்திரி. காலை ஏழரைக்குப் போனோம், மூன்று மணிக்குத் திரும்பினோம். வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் மதினி என்னைக் காட்டி, "என் தம்பி பொண்டாட்டி. நர்ஸு. எனக்கென்ன கவல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா என்னிடம் சர்க்கரை மாத்திரை பற்றிச் சந்தேகம்கூடக் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் ஷைலா சின்ன வயசு. கையால் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், முகம் மாறாமல் பார்த்தார். முகம் மாறாமல் பார்க்க எங்களுக்கும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதனால் எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு மதினியின் பையிலிருந்த முகாம் அட்டையைப் புரட்டினார். "மாசியில ஸ்கிரீனிங் பண்ணியிருக்காங்களே. மார்பகம் இயல்புன்னு போட்டிருக்கு. யாரு பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். "இவதான் பாத்தா. நல்லா அழுத்தி அழுத்திப் பாத்தா, வலிக்குதுளான்னுகூடச் சொன்னேன். அப்ப ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா."

டாக்டர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "எட்டு மாசத்துல இந்த அளவுன்னா வேகமா வளர்ற வகையா இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மேமோகிராம், ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்சி. எட்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

நான் பையை மடியில் வைத்து அதன் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, கெடுத்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

புற்றுதான். நெறியிலும் இருக்கிறது. முதலில் கீமோ நான்கு முறை, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன், மறுபடி மருந்து, கடைசியில் கரண்டு வைப்பது என்கிற ரேடியேஷன்.

மதினி கேட்டது ஒன்றே ஒன்று: "தலைதீபாவளிக்குப் பிறகு ஆரம்பிக்கலாமா?"

வீட்டில் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. அழுது முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள நீ இருக்க. மாசியிலயே பாத்து வச்சிருக்க. வேற வீடுன்னா அதுகூடப் பாத்திருக்க மாட்டாங்க" என்றார்.

கையை உருவிக்கொண்டு அரிசி களையப் போனேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாப்பிள்ளைக்கு வாட்ச். கனகவேணிக்கு மூன்று மாதம், பலகாரத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. மதினி மைசூர்பாகு கிண்டி, சிரித்து, எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தார். பிள்ளைக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

முதல் கீமோ. சிவப்பு மருந்து. "ரோஸ்மில்க் மாதிரி இருக்கு" என்று மதினி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னார். வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி மூன்று முறை வாந்தி.

வார்டில் செல்வராணி என்று ஓர் அக்கா. அவருக்கும் வந்து, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் வந்து எல்லாருடைய காலையும் தடவிக் கொடுக்கிறார், பஞ்சு அடைத்துத் தைத்த துணி மார்பு கொண்டுவந்து தருகிறார். ஒளிவு மறைவே கிடையாது. தன் ரவிக்கைக்குள்ளிருந்து உருவி, "இதத் தொட்டுப் பாரு, அளவு சொல்லு, தச்சுத் தாரேன்" என்கிறார். மதினிக்கு வெட்கத்தில் வாந்தி நின்றுவிட்டது.

போகும்போது என்னிடமும் வந்து உட்கார்ந்தார். "நோயாளியவிட கூட வந்தவங்க மொகம்தான் இங்க பாக்க முடியாது. இங்க எல்லாருக்கும் ஒரு தேதி இருக்கும்மா. அன்னைக்கே வந்திருந்தா தப்பிச்சிருக்கலாமேன்னு ஒரு தேதி. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க."

எனக்கு அப்படித் தேதி எதுவும் இல்லை என்றேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

தடுப்பூசி நாள். குழந்தைகள் பதினாறு. பிள்ளையார்கோயில் தெரு இரட்டையர் இருவரும் என்மேல் ஒன்றுக்குப் போனார்கள்.

மாசி முகாமைப் பற்றி எழுதியாக வேண்டும். இல்லையென்றால் இதுவும் ஆபீஸ் டைரியும் ஒன்றுதான்.

பள்ளிக்கூட அறையில் திரை கட்டி நடந்தது. அன்றைக்கு அறுபது பெண்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்று உத்தரவு. காலையிலிருந்து ஒவ்வொருத்தியையும் கெஞ்சி, அதட்டி, கேலி பண்ணி, கை வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது. பொய்யில்லை, ஐம்பத்தொன்பது பேரையும் பார்த்தேன். ஐந்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போக வண்டி வந்துவிட்டது. அப்போதுதான் மதினி தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்தார். திரைக்குள் வந்தவர் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏ செண்பகம், எங்கிட்டயும் அவுத்துப் போடச் சொல்லுவியா? நாளைக்கு நீயும் நானும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட வேண்டாமா? போடு ஒரு டிக்க" என்றார்.

எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஊர்ப் பெண்களைத் தொடுவது வேலை. மதினியை எப்படித் தொடுவது? இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இயல்பு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அறுபது ஆயிற்று.

அவ்வளவுதான் நடந்தது. எழுதிவிட்டேன். எழுதினால் மனசு லேசாகும் என்று எவனோ சொன்னான், அவன் நாசமாய்ப் போக.

நவம்பர் 29, வெள்ளி

இரண்டாவது கீமோ. முடி கொத்துக் கொத்தாக வருகிறது. மதினி தானே நாவிதரைக் கூப்பிட்டு மழித்துக்கொண்டார். "திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லிக்கலாம்" என்றார். கனகவேணிக்கு அப்படியே போனில் சொன்னார். அவள் நம்பவில்லை, அடுத்த பஸ்ஸில் வந்து நின்றாள். எல்லாம் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

சூப்பர்வைசர் அம்மாவிடம், மாசி முகாம் பதிவு ஒன்றைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். ஒரு பெயருக்குப் 'பார்க்கவில்லை' என்று மாற்ற வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போன நிதியாண்டு கணக்கு பூட்டியாச்சு. மேல போயாச்சு. கம்ப்யூட்டர் தொறக்காது. தொறந்தா உனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா? டீயக் குடி." குடித்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

மூன்றாவது. வாயெல்லாம் புண். மோர்கூட எரிகிறது. கட்டி சுருங்கவே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

டிசம்பர் 26, வியாழன்

லீவு போட்டேன். மதினி வீட்டு முற்றத்து வெயிலில் அவருக்குத் தலை துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"மதினி, அன்னைக்கு நான் பாத்திருக்கணும். நீங்க வேண்டாம்னாலும் பாத்திருக்கணும். டாக்டர்கிட்ட எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க?"

தலையை என் கையிலிருந்து விலக்கிக்கொண்டார். பிறகு, "உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றார்.

தை மாசம் கனகவேணிக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மறுவாரம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். புளியங்கொட்டை அளவு. முகாமுக்கு வராமல் இருந்தால் நான் வீட்டுக்கே வந்து நிற்பேன் என்று தெரியும். அதனால் கடைசியாக வந்திருக்கிறார். "உன் கை பட்டா கண்டுபிடிச்சிருவ. அதான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சது. ஆடிக்குப் பிள்ளைய அழைக்கணும்னு இருந்தேன். பெறவு முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. நல்ல சேதி வந்த நேரத்துல இத எங்க போய்ச் சொல்ல?"

உள்ளதைச் சொல்கிறேன். கேட்டதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு என்மேல் மட்டும் இல்லை என்று. அடுத்த நொடி அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அதற்கடுத்துத்தான் அது உறைத்தது. புளியங்கொட்டை அளவு. என் விரலுக்குத் தப்பியே இருக்காது. அவர் பயந்து மறைத்தார், பயப்படுகிறவர்களைச் சமாளிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன் மதினி. உங்க தம்பிகிட்டயும் சொல்லிடறேன்."

"சொன்னா மருந்து மாறுமா?"

"மாறாது."

"பின்ன? கனகவேணிக்குத்தான் தெரிஞ்சு போகும். உடனே கணக்குப் போட்டுருவா. நம்ம கல்யாணத்துக்காகத்தான் அம்மா மறைச்சான்னு காலம் பூரா அழுவா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அழுவா." தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டார். "நீ பாத்த. அப்ப இல்ல. அப்படியே இருக்கட்டும். உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போ."

அவருக்குக் கூழ் காய்ச்சி வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

இந்த வருடம் கம்பெனிக்காரர் டைரி தரவில்லை. பழையதிலேயே எழுதாமல் விட்ட ஜனவரிப் பக்கங்களுக்குத் திரும்பி, கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பொங்கல். மதினி வீட்டு வாசலில் பானை வைத்தோம். போன வெள்ளிதான் நான்காவது கீமோ, ஆனாலும் குலவை போடுவேன் என்று அடம். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

கரும்பு வெட்டப் போன இடத்தில் கனகவேணி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்த, எங்க மாமியார் கேக்குறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா, மறைச்சுக் கட்டிக் குடுத்தீங்களான்னு. எனக்கு அவங்க கேக்குறதப் பத்திக் கவலையில்ல. நான் தெரிஞ்சுக்கணும். இருந்துச்சா?"

ஐந்து மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் மதினி எங்களைப் பார்த்தபடி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான்தான பாத்தேன். ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். பானை பொங்கியபோது எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆபரேஷன். கட்டி சுருங்காவிட்டாலும் இனித் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலரை மணி நேரம். இடது மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள், அக்குள் நெறிகளையும்.

பிப்ரவரி 8, சனி

புண்ணிலிருந்து நீர் வடியும் குழாயின் டப்பாவில் 140 மில்லி. ரத்தம் கலந்து.

பிப்ரவரி 11, செவ்வாய்

80 மில்லி. நிறம் வெளுத்திருக்கிறது. குழாயை நீவிவிட, கட்டு நனையாமல் துடைக்க, கையை எவ்வளவு தூக்கலாம் என்று காட்ட, எல்லாம் நானே செய்கிறேன். இதிலெல்லாம் எனக்குக் கூச்சம் வரவில்லை. வார்டு நர்ஸ் என் கையைப் பார்த்து, "நல்ல கை அக்கா" என்றாள்.

செல்வராணி அக்கா பஞ்சு மார்பு கொண்டுவந்தார். மதினி அதை வாங்கி, தலையணை மாதிரிக் கன்னத்துக்கு வைத்துப் பார்த்து, "தூங்க வசதியா இருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. பதினைந்து நெறியில் பதினொன்றில் இருக்கிறது. ஸ்கேனில் முதுகெலும்பில் ஒரு புள்ளி. சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். முகம் மாறாமல்தான் சொன்னார்.

மதினியை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். "டாக்டர், ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடினார். என்மேல் நிஜமாகவே இரக்கப்பட்டார். "அப்ப சின்னதா இருந்திருந்தா கத வேற. ஆனா நீங்களே பாத்து இல்லன்னு எழுதியிருக்கீங்களே. இல்லாதத எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? உங்களையே நொந்துக்காதீங்க சிஸ்டர். நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கீங்க."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல? திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

போன வருட முகாம் நடந்த நாளின் பக்கம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி வந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்த வருட மாசி முகாம். அதே பள்ளிக்கூடம், அதே திரை, அதே அறுபது. போன ஞாயிறு கனகவேணிக்கு வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறோம். முகாம் தொடங்கும் முன்பே இரண்டு கையிலும் வளையல் குலுங்க முதல் ஆளாக வந்து நின்றாள். கூட மதினி, தலையில் துண்டு, ஒரு கையில் ஊன்றிக்கொள்ள குடை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் வயசு லிஸ்டுலயே இல்லளா. பிள்ளத்தாச்சி வேற. போ, வீட்டுக்கு வந்து பாக்குறேன்" என்றேன்.

"இல்ல அத்த. இங்கயே பாருங்க. அம்மாவுக்குப் பாத்த மாதிரி நல்லாப் பாருங்க."

திரையை இழுத்து விட்டேன். கையைக் கழுவினேன், சூடு வர உரசிக்கொண்டேன். பிள்ளை பிறக்கப் போகிற உடம்பு, எல்லா இடமும் கனத்து, கட்டிகட்டியாகத்தான் இருக்கும். விரல் மூன்றையும் சேர்த்து வட்டமாக, மேலிருந்து கீழே, ஓரம் வரைக்கும், அக்குள் வரைக்கும். ஒரு முறை பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது அவள், "என்ன அத்த, எத்தன தடவ பாப்பீங்க?" என்றாள்.

"மொத ஆளுல்ல, கை பழகணும்" என்றேன்.

ஒன்றும் இல்லை. இருந்தாலும் பிரசவம் கழிந்து டவுனில் ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்லித் தனிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அட்டையை எடுத்தேன். இயல்பு என்ற கட்டத்தில் டிக் போட பேனா ஓடவில்லை. உதறிவிட்டுப் போட்டேன்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய், "அத்த ரொம்ப நேரம் பாத்தாங்கம்மா. நம்ம ஆளுன்னு ஒரு எடம் விடல" என்றாள்.

மதினி என் பக்கம் திரும்பாமல், மகள் கையில் வளையல்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் பாத்தா."

வரிசையில் அடுத்து நின்றவளை உள்ளே கூப்பிட்டேன்.